பிள்ளை படிக்குது, சத்தம் போடாதையுங்கோ

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டில், கதிர்காமநாதன் என்றொரு காவல்காரர் இருந்தார். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, கையெட்டும் தூரத்தில் வீடு கூட்டுகிற ஒரு தும்புத்தடி, அவ்வளவுதான் அவருடைய உத்தியோகத் தளபாடம். முதுகுக்குப் பின்னால் ஒரு மூடிய கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் அவருடைய ஒரே மகன் ஜனா படித்துக்கொண்டிருந்தான். அப்படித்தான் அவர் நம்பினார், மற்றவர்களையும் நம்ப வைத்தார்.

படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் நம்முடைய ஆட்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது தெரிந்ததுதான். சோதனை கிட்ட வந்தால் தொலைக்காட்சிக்குத் துணி போர்த்திவிடுவார்கள். வருகிற சனத்தை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். கலியாண வீட்டுக்குத் தாயும் தகப்பனும் மட்டும் போய், பந்திக்கு நில்லாமல் ஓடி வருவார்கள். பிள்ளையிடம் வேலை சொல்லக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது. கதவைத் தட்டுவதென்றால் கையில் தேத்தண்ணி இருக்கவேண்டும். மற்ற வீடுகளில் இந்த விரதம் பல்கலைக்கழகம் புக எழுதும் ஏ.எல். சோதனையோடு முடிந்துவிடும். கதிர்காமநாதன் வீட்டிலோ மகன் கம்பஸ் போய் ஆறாவது வருடமாகியும் முடியவில்லை.

ஒழுங்கையில் யாருக்கும் அவரைத் தெரியாமல் இல்லை. பாட்டுப் போட்டபடி பாண் விற்க வரும் சூன் பாண் ஆட்டோவைக் கண்டால் மாடியிலிருந்து இறங்கி ஓடுவார். "மல்லி, சத்தே பொட்டக் அடு கரன்ன" என்று சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சுவார். அந்தப் பொடியனும் சிரித்துவிட்டு இந்த வாசலைத் தாண்டும்வரை பாட்டை நிறுத்திக்கொள்வான். மீன்காரர் இவர்கள் வாசலுக்கு வந்ததும் ஊமையாகிவிடுவார், கையால் சைகை காட்டித்தான் விலை சொல்வார். மனைவி கௌரி மிக்ஸியைத் துவாயால் சுற்றித்தான் சம்பல் அரைப்பாள். கடற்கரையோரம் போகும் ரயில் ஒன்றைத்தான் கதிர்காமநாதனால் அதட்ட முடியவில்லை. அது போகும்போதெல்லாம் தன் மானத்தை வாங்குவதற்காகவே போகிறது என்பதுபோல் முகத்தைச் சுளிப்பார்.

மேல்மாடியில் ஸீனத் என்ற பெண்ணின் குடும்பம். சின்னப் பிள்ளைகள் இரண்டு. பிள்ளை என்றால் ஓடும், ஓடினால் கீழே இடிக்கும். அறைக்குள்ளிருந்து ஜனாவின் குரல் வரும்.

"அப்பா! மேல சத்தம் போடுதுகள்! சொல்லுங்கோ!"

கதிர்காமநாதன் தும்புத்தடியைத் தூக்கி, காம்பால் முகட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். ஓட்டம் நிற்கும். ஸீனத் நல்ல பெண். படியில் கண்டால் தானே பேச்செடுப்பாள். "புள்ளைங்களுக்குச் செல்லி வச்சிருக்கேன் அங்கிள். கீழ வீட்டு அண்ணன் படிச்சி முடியும் வர பூனை மாதிரித்தான் நடக்கணும் எண்டு." அதைக் கேட்கும்போது கதிர்காமநாதனுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருக்கும்.

இந்தச் சத்தப் பயம் அவருக்குச் சும்மா வந்ததல்ல. இளவயதில் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் கிளார்க்காக இருந்துகொண்டு வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தவர் அவர். இருந்தது நாலைந்து பேர் பங்குபோட்ட ஓர் அறையில். ஒரு பக்கம் கோயில் மணி, மறுபக்கம் மாதா கோயில் ஒலிபெருக்கி, கீழே இரும்புக்கடை, பக்கத்துக் கட்டிலில் ஹியூபேட் என்ற கூட்டாளியின் வானொலி. இரண்டு தரம் சோதனை எழுதினார், இரண்டு தரமும் தவறினார். "சத்தம் மட்டும் இல்லாட்டி நான் பட்டதாரி" என்பது கௌரி கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து கேட்டுவரும் வசனம். அதே அறையில், அதே வானொலியைக் கேட்டபடியே படித்து ஹியூபேட் சோதனையில் சித்தியடைந்துவிட்டார் என்பதை மட்டும் அவர் கதையில் சேர்ப்பதில்லை.

பிந்திக் கலியாணம், பிந்திப் பிறந்த பிள்ளை. பிள்ளைக்குக் காணி பூமி கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. அமைதியைக் கொடுக்கலாம் என்று தீர்மானித்தார். அதை மனிதர் நாணயமாகவே கொடுத்தார். ஜனா ஏ.எல். கணிதப் பிரிவில் மூன்று 'ஏ' எடுத்துக் கம்பஸுக்குப் போய்ப் புள்ளிவிபரவியல் படிக்கத் தொடங்கியபோது, அதில் பாதி தன்னுடைய தும்புத்தடிக்குச் சேரவேண்டியது என்று அவர் மனதுக்குள் நினைத்திருந்தால் அதைப் பிழை சொல்ல முடியாது.

முதல் வருடம் பொடியன் உண்மையாகவே படித்தான். இரண்டாம் வருடத்தில்தான் கம்பஸுக்குப் போவது குறைந்தது. லெக்சர் சரியில்லை, வீட்டிலிருந்து படித்தால் கூட விளங்குகிறது என்றான். கதிர்காமநாதனுக்கு அது இனித்தது. தன் காவலுக்குள் இருந்து படிக்கிறான் என்றல்லவா அர்த்தம்? ஒருநாள் தேத்தண்ணியோடு உள்ளே போனபோது கணினித் திரை முழுக்க இலக்கங்கள் வரிசை வரிசையாகத் துடித்துக்கொண்டிருந்தன.

"என்ன தம்பி இது?"

"டேட்டா அப்பா. புள்ளிவிபரம். நிமிசத்துக்கு நிமிசம் மாறும்."

அவர் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே வந்து, டொரொன்டோவில் இருக்கும் தங்கைக்குப் போன் எடுத்தார். "இவன்ர படிப்பு விளையாட்டில்லை பிள்ளை. நிமிசத்துக்கு நிமிசம் மாறுது. கண்ணை எடுக்க ஏலாது." குசுகுசுவென்றுதான் சொன்னார், உள்ளே கேட்டுவிடும் என்று.

கம்பஸ் படிப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பாடத்தில் தவறி இரண்டாம் தரம் எழுதினால், எவ்வளவு திறமாக எழுதினாலும் 'சி'க்கு மேல் போடமாட்டார்கள். முதல் வகுப்புக் கனவு அத்தோடு சரி. ஆனால் சோதனையன்று சுகமில்லை என்று வைத்தியச் சான்றிதழ் கொடுத்துவிட்டால், அடுத்த வருடம் எழுதுவது முதல் தரமாகவே கணக்கில் வரும். பிள்ளைகள் இதற்கு 'மெடிக்கல் போடுறது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வருத்தக்காரருக்கென்று வைத்த வழியில் யார் யார் போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாம் வருடச் சோதனை நெருங்கியபோது ஜனா தானே கதவைத் திறந்துகொண்டு வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றான்.

"ரெண்டு பாடம் இன்னும் முடிக்கேல்லை அப்பா. இப்ப எழுதினா சி தான் வரும். கிளாஸ் போயிடும்."

"கிளாஸ் போகக்கூடாது," என்றார் கதிர்காமநாதன்.

"மெடிக்கல் போட்டா அடுத்த வருசம் ஆறுதலாப் படிச்சு ஏ எடுக்கலாம்."

பஸ்ஸில் நடத்துனர் மறந்தாலும் கூப்பிட்டு டிக்கட் எடுக்கும் மனிதர் அவர். அந்த மனிதர் மகனைக் கூட்டிக்கொண்டு தெரிந்த டொக்டர் ஒருவரிடம் போய், "டெங்கு மாதிரிக் கிடக்கு டொக்டர், எழும்ப ஏலாமக் கிடக்கிறான்" என்று சொன்னார். எழும்ப ஏலாதவன் பக்கத்தில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தான். அடுத்த வருடமும் காய்ச்சல் வந்தது. அதற்கடுத்த வருடமும் வந்தது. தனியார் வைத்தியசாலையொன்றில் பில் போடும் இடத்தில் வேலை செய்த கௌரிக்கு உண்மைக் காய்ச்சல் எது, பொய்க் காய்ச்சல் எது என்று தெரியும்.

"இஞ்சாருங்கோ, இவனுக்கு ஒவ்வொரு வருசமும் சோதனை பாத்துக் காய்ச்சல் வருது. எழுதட்டுமன். சி வந்தா வரட்டும்."

"விசர்க் கதை கதைக்காதையும். சி எடுக்கவோ இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனாங்கள்?"

அவனோடு படித்து 'சி' எடுத்த பிள்ளைகள் பலர் இன்று ஏசி போட்ட அறைகளில் வேலை பார்க்கிறார்கள். இதையெல்லாம் அன்றைக்கு யார் அவருக்குச் சொல்வது? சொல்ல வந்தவளையும் அவர் உள்ளே விடவில்லை. ஷிம்னா என்று ஒரு பிள்ளை, ஜனாவின் வகுப்புக்காரி, பாமன்கடைப் பக்கம் வீடு. குழுவாகச் செய்யவேண்டிய ஆய்வு வேலை ஒன்று சம்பந்தமாக ஜனாவைத் தேடி வந்தாள். கதிர்காமநாதன் கதவை ஒரு சாண் திறந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"தம்பி படிக்கிறார் பிள்ளை. பிறகு வாங்கோ."

"அங்கிள், அவன் கெம்பஸ் வாறதே இல்ல. போனும் எடுக்கிறான் இல்ல. ஒரு அஞ்சு நிமிஷம் கதைக்கோணும். உங்களோடயும் கதைக்கோணும்."

"சோதனை முடியட்டும் பிள்ளை. இப்ப குழப்பக்கூடாது."

அவள் பிறகும் வந்தாள். அதற்குப் பிறகும் வந்தாள். ஒவ்வொரு தரமும் அதே ஒரு சாண் கதவு, அதே விரல். மகனுக்காகத் தான் ஒரு இடைஞ்சலை வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு கதிர்காமநாதன் கதிரைக்குத் திரும்பினார். இன்றைக்கு அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

குட்டு வெளிப்பட்டது ஆறாவது வருடத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஒழுங்கை மூலையில் இருந்த ட்ரான்ஸ்போமர் வெடித்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, வைஃபை நின்றது. கதவு படாரென்று திறந்து ஜனா பாய்ந்து வந்தான். தலை கலைந்து, கண் சிவந்து, நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து ஓடி வருகிறவன் மாதிரி வந்தான்.

"அப்பா, போனைத் தாங்கோ! கெதியா! என்ர போன் செத்துப்போச்சு. டேட்டா இருக்கோ?"

படிப்புக்குத்தான் கேட்கிறான் என்று கதிர்காமநாதன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவன் நின்ற நிலையிலேயே அதில் எதையோ அடித்தான். அவர் எட்டிப் பார்த்தார். அன்று கண்ட அதே இலக்க வரிசைகள். ஆனால் போனின் சின்னத் திரையில் தலைப்பும் தெரிந்தது. இரண்டு அணிகளின் பெயர்கள். ஐரோப்பாவில் எங்கேயோ, ஊர்ப் பெயரை வாய்க்குள் நுழைக்க முடியாத ஓர் இடத்தில், யாரோ கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்று ஜனா காசு கட்டி பெட் பிடித்துக்கொண்டிருந்தான். பந்துக்குப் பந்து இலக்கங்கள் மாறின. நிமிசத்துக்கு நிமிசம் மாறும் என்று அவன் சொன்னதில் பொய்யில்லை.

"என்னடா இது?" என்று கேட்டபடி கௌரி குசினிக்குள்ளிருந்து வந்தாள்.

"ஒரு ஓவர் அம்மா. ஒரு ஓவர் பொறுங்கோ."

அவர்கள் இருவரும் பொறுத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளையைக் குழப்பக்கூடாது என்று பழகிய உடம்புகள். ஓவர் முடிந்தது. ஜனா சுவரோடு சரிந்து நிலத்தில் குந்தினான். "போச்சு," என்றான்.

கதிர்காமநாதன் மெல்லக் கேட்டார். "இது சோதனைக்கு வாற பாடமோ தம்பி?"

கௌரி புருஷனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு எல்லாம் வெளியே வந்தது. இரண்டாம் வருடம் கன்ரீனில் கூட்டாளிகளோடு மேட்ச் பார்க்கும்போது விளையாட்டாகத் தொடங்கியதாம். படித்த கணக்கை வைத்து இவன் சொன்னது பலித்ததாம். கூட்டாளிகள் 'பேராசிரியர்' என்று பெயர் வைத்தார்களாம். அவர்கள் சோதனை வந்ததும் விட்டுவிட்டுப் படிக்கப் போனார்கள். இவனுக்கு மட்டும் விட முடியவில்லை. விடவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வேறு எந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்கச் சாத்திய கதவும், கேள்வி கேட்காத தாய் தகப்பனும், வேளைக்கு வேளை தேத்தண்ணியும் கிடைக்கும்? காசு எவ்வளவு போனது என்று கேட்காதீர்கள். கடனை அடைத்த பிறகு கௌரியின் வெறுங் கழுத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கதிர்காமநாதனுக்குக் காசு நோகவில்லை. தான் யாருக்குக் காவல் இருந்தோம் என்பதுதான் நொந்தது.

ஷிம்னாவின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து அவரே போன் எடுத்தார். அவள் இப்போது பட்டம் பெற்று அதே கம்பஸில் தற்காலிகமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வந்தாள். இந்த முறை கதவு முழுதாகத் திறந்திருந்தது.

"நான் மூணு தரம் வந்த அங்கிள்," என்றாள். குற்றம் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். கதிர்காமநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"முதல் வருஷம் ப்ரோபபிலிட்டி எங்களுக்குப் படிப்பிச்சித் தந்ததே இவன்தான். இவனுக்கு ஏலாதெண்டு இல்ல. ஆனா இப்ப ஒரு சான்ஸ்தான் ஈக்குது. அவனுக்குக் குடுத்த வருஷம் எல்லாம் முடிஞ்சி. இனி மெடிக்கல் எடுக்க மாட்டாங்க. வாற சோதனையில மிச்சப் பாடத்த எல்லாம் எழுதிப் பாஸ் பண்ணோணும். ஒண்டு விட்டாலும் பதிவு கென்சல். டிகிரி இல்ல."

"கிளாஸ்?" என்றார் கதிர்காமநாதன், பழக்க தோசத்தில்.

"பாஸ் பண்ணினாப் போதும் அங்கிள்."

அன்றே ஜனா தன் போனைத் தாயின் கையில் கொடுத்தான். அழுதான். நான் எழுதுவன் அம்மா என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அவனுக்கே அதில் நம்பிக்கை இருந்தது. கௌரி போனைப் பொலித்தீனில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்தாள். கதிர்காமநாதன் அறைக் கதவின் கொண்டியைக் கழற்றிவிட்டு, தன் பிளாஸ்டிக் கதிரையை உள்ளே கொண்டுபோய்ப் போட்டார். ஆறு வருடத்தில் முதல்முறையாக, மகன் படிப்பதை அவர் கண்ணால் பார்த்தார்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். ஜனா புத்தகத்தை விரிப்பான். ஒரு வரி வாசிப்பான். கை தானாகக் காற்சட்டைப் பைக்குள் போய் வெறுமையைத் தடவிவிட்டு வரும். எழும்பித் தண்ணி குடிப்பான். திரும்ப இருப்பான். அதே வரி. ஷிம்னா பக்கத்தில் இருந்து ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்தால் சுறுக்கென்று பிடித்துக்கொள்வான், அவளே வியந்துபோவாள். பாதிக்கு மேல் போகமாட்டான். "மிச்சம் தெரியும்தானே" என்று பேனையை வைத்துவிடுவான். ஒருநாள் மட்டும் ஒரு நீளக் கணக்கை அடிவரை செய்து முடித்தான். கதிர்காமநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கௌரி அன்று பின்னேரம் வடை சுட்டாள். மறுநாள் அதே மாதிரிக் கணக்கின் முன்னால் அவன் காலை முழுக்கச் சும்மா இருந்தான்.

இன்னொரு நாள் அவன் யன்னலடியில் நின்று உதடு அசைப்பதைத் தகப்பன் கண்டார். மனப்பாடம் செய்கிறானாக்கும் என்று கிட்டப் போனார். கீழே ரயில் ஒன்று நில்லாமல் விரைந்து போனது. "பாத்தீங்களோ, கடுகதி," என்று ஜனா சிரித்தான். "நான் அடுத்தது கடுகதி எண்டு சொன்னனான். அதுக்கு முதல் ரெண்டும் சரியாச் சொன்னனான்." பெட் பிடிக்க வேறு வழியில்லாமல் தன்னோடு தானே பிடித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தின் முன்னால் அந்த முகம் ஒருநாளும் அப்படி மலரவில்லை.

முதல் பாடத்துக்கான சோதனையன்று கௌரி லீவு போட்டாள். கதிர்காமநாதன் மகனை ஆட்டோவில் தானே கூட்டிப் போனார். மண்டபத்துக்குள் அவன் போவதைக் கண்ணால் கண்டுவிட்டு, எதிரே மர நிழலில் இருந்த வாங்கில் இருந்தார். மூன்று மணித்தியாலச் சோதனை. எழுதத் தொடங்கி அரை மணித்தியாலம் ஆகும்வரை யாரும் வெளியே வரமுடியாது. அந்த அரை மணித்தியாலம் முடிந்ததும் வெளியே வந்த ஒரே பிள்ளை அவருடைய பிள்ளை.

அவன் வந்து பக்கத்தில் இருந்தான்.

"பேப்பர் கஷ்டமோ?" என்றார்.

"கஷ்டம் இல்லை அப்பா. எல்லாம் தெரிஞ்ச கேள்விதான்."

"அப்ப ஏன் ராசா வந்தனீ?"

"முதல் கேள்வி தொடங்கினனான். முதல் வரி சரி. அதுக்குப் பிறகு எழுதி எழுதிப் போகவேணும். அவ்வளவு தூரம் போனாத்தான் கடைசியில ஒரு மறுமொழி வரும். என்னாலை அதுவரைக்கும் பொறுக்க ஏலாமக் கிடக்கு. பந்து போட்டா உடன தெரியும், போனதோ வந்ததோ எண்டு. இதில ஒண்டும் நடக்குதில்லை அப்பா. பேப்பர் சும்மா கிடக்குது."

"மற்றக் கேள்விக்குப் போயிருக்கலாமே?"

"போனனான். எல்லாக் கேள்விக்கும் முதல் வரி செய்து வைச்சிருக்கிறன்."

அவனை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, இழுத்து மடியில் போட்டுக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. கதிர்காமநாதன் இரண்டையும் செய்யவில்லை. தன்னை ஊர்ச் சத்தம் கெடுத்தது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிந்தவரின் மகன், ஒரு சத்தமும் இல்லாத மண்டபத்திலிருந்து எழும்பி வந்திருந்தான். எழும்பிப் போய்ப் பக்கத்துக் கடையில் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்தார். ஜனா குடித்தான்.

"மற்றப் பாடங்களை எழுதுவமோ தம்பி?"

"ஒண்டு விட்டாலும் இல்லைத்தானே அப்பா."

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தார்கள். கதவைத் திறந்த கௌரி மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு இருவர் முகத்தையும் பார்த்தாள். மேசையில் மகனுக்குப் பிடித்த இறால் பொரியல் மூடி வைத்திருந்தது. ஜனா அதைத் திறந்தும் பார்க்கவில்லை.

"அம்மா, போன்."

கௌரி புருஷனைப் பார்த்தாள். அவர் யன்னலைப் பார்த்தார். அவள் குசினிக்குள் போய் அரிசி வாளிக்குள் கையை விட்டுப் போனை எடுத்து, பொலித்தீனைப் பிரித்து, ஒட்டியிருந்த அரிசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். "இனி என்னத்துக்கு ஒளிக்கிறது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அங்கேயே நிலத்தில் இருந்து அழுதாள். குரல் வெளியே வராமல்தான் அழுதாள். அந்த வீட்டில் அழுகைக்கும் அதுதான் பழக்கம். கொண்டியில்லாத கதவை ஜனா மெல்லச் சாத்திக்கொண்டான்.

கதிர்காமநாதன் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தார். இருக்க மனம் வரவில்லை. படியேறி மேல்மாடிக்குப் போனார். கதவைத் திறந்த ஸீனத்தின் முகம் கறுத்தது.

"சத்தம் போட்டாங்களா அங்கிள்? இப்பதான் நான் ரெண்டு பேரையும் ஏசி உக்கார வச்ச."

"இல்லைப் பிள்ளை. அது சொல்லத்தான் வந்தனான். இனிப் பிள்ளையளை விளையாட விடுங்கோ. நல்லா ஓடட்டும்."

"மகன்ட சோதனை முடிஞ்சா? அல்ஹம்துலில்லாஹ்! நல்லாச் செஞ்சாரா?"

கதிர்காமநாதன் ஓம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"நாங்க ஒவ்வொரு தொழுகைலயும் அவருக்கு துஆ கேட்ட அங்கிள். புள்ளைங்களும் கேட்டாங்க."

பிள்ளைகள் இரண்டும் தாய்க்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்தன. பெரியவள் நம்பாமல் கேட்டாள். "மெய்யாவா அங்கிள்? ஓடலாமா?" சின்னவன் பிறந்த நாளிலிருந்தே இந்த வீட்டில் பூனை நடைதான் பழகியவன். ஓடு என்றால் எப்படி என்று தெரியாமல் அக்காவின் முகத்தைப் பார்த்தான். ஓடுங்கோ என்று கதிர்காமநாதன் சொல்லிவிட்டு, அவர்கள் முன்னால் கண் கலங்கிவிடும் என்று பயந்து இறங்கி வந்துவிட்டார்.

கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு இடி. ஒரு சிரிப்பு. பிறகு நாலு சின்னக் கால்கள் கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடின, திரும்பி ஓடி வந்தன. முகட்டு மின்விசிறி லேசாக நடுங்கியது. கதிர்காமநாதன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் பகை என்று நினைத்த சத்தம் அன்றைக்கு அவருக்கு இதமாக இருந்தது. எங்கேயோ பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்கிறார்கள் என்று தோன்றியது.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஆறு வருடமாக வந்த அதே குரல், அதே எரிச்சல்.

"அப்பா! மேல சத்தம் போடுதுகள்! சொல்லுங்கோ!"

அதோடு சேர்ந்து, கதவின் கீழ் இடைவெளியால், நேர்முக வர்ணனையாளரின் பேச்சும் கூட்டத்தின் ஆரவாரமும் மெல்லிசாக வந்தன. எங்கேயோ ஒரு ஓவர் நடந்துகொண்டிருந்தது. கதிர்காமநாதன் திடுக்கிட்டுக் கீழே பார்த்தபோது தும்புத்தடி ஏற்கனவே அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. குசினி வாசலில் நின்று கௌரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்துவிடுங்கோ என்று அவள் சொல்லவில்லை.

அவர் எழும்பினார். தடியைத் தூக்கி, முகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மேலே ஓட்டம் உடனே நின்றது.